பட்டன் போனுக்கு எத்தனை நாள் வேலிடிட்டி?

ஆரம்பகால 4ஜி போன்களை வைத்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் அழைப்பு வரும். உடனே திரையின் மேல் ஓரத்தில் இருந்த ‘4ஜி’ மறைந்து ‘எச்’ அல்லது ‘இ’ என்ற ஆங்கில எழுத்து தோன்றும். ‘எச்’ என்றால் வீடியோ திக்கித் திணறி ஓடும். ‘இ’ என்றால் நின்றே போகும். பேசி முடித்துச் சில நொடிகள் கழித்துத்தான் 4ஜி திரும்பி வரும். போனில் ஒரு கோளாறும் இல்லை. 4ஜிக்குப் பழைய முறையில் பேசத் தெரியாது, அவ்வளவுதான்.

2ஜியிலும் 3ஜியிலும் நாம் ஓர் எண்ணை அழைத்தால், பேசி முடிக்கும்வரை நமக்கென்று ஒரு பாதை ஒதுக்கப்படும். நாம் மௌனமாக இருந்தாலும் அந்தப் பாதை நம்முடையதே. 4ஜியை வடிவமைத்த பொறியாளர்கள் இந்த ஏற்பாட்டையே நீக்கிவிட்டார்கள். அதில் எல்லாமே டேட்டா. சிறு சிறு பொட்டலங்களாகத்தான் எதுவும் போகும். அப்படியானால் குரல்? ஒன்று, அழைப்பு வரும்போதெல்லாம் போன் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கி வரவேண்டும். இல்லையென்றால் குரலையும் டேட்டாவாக மாற்றி 4ஜியிலேயே அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது வழிதான் ‘வோல்ட்டி’. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. முதல் நாளிலிருந்தே வோல்ட்டியை நம்பித்தான் அது இயங்கியது. மற்ற நிறுவனங்கள் பின்னால் வந்து சேர்ந்தன.

வோல்ட்டியால் கிடைத்த நன்மை காதுக்கே தெரியும். பழைய அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கடத்தியது. ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேல் இருப்பதால், போனில் இனிஷியல் சொல்லும்போது ‘எஸ்’ஸா ‘எஃப்’பா என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. வோல்ட்டி அழைப்பு 7,000 ஹெர்ட்ஸ்வரை கடத்துகிறது. எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த மாற்றத்தில் முதலில் விடைபெற்றது 2ஜி அல்ல, அதற்குப் பின் வந்த 3ஜி. பலருக்கும் இது விசித்திரமாகத் தோன்றும். 2010 ஏலத்தில் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து 67,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய 3ஜியை, பத்தே வருடத்தில் ஏர்டெல் நாடு முழுவதும் நிறுத்தியது. அதே ஏர்டெல் 2ஜியை இன்னும் ஓட்டுகிறது. ஏன்? 2ஜியின் ஒரு சேனலுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும். வாடிக்கையாளர் குறைந்தால் சேனல்களையும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். 3ஜிக்கோ ஒரே துண்டாக 5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதைவிடக் குறைத்தால் இயங்காது. கூட்டுக் குடும்பத்தில் ஒரு மூலையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் தாத்தாவைப் போன்றது 2ஜி. 3ஜி தனி அறை கேட்ட பிள்ளை. இட நெருக்கடி வந்ததும் அறை 4ஜிக்குப் போனது, பாய் அப்படியே இருக்கிறது.

2ஜியின் திறமையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு சேனலில் எட்டுப் பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒவ்வொரு போனுக்கும் ஒரு முறைக்கு 577 மைக்ரோ நொடிதான் நேரம். அதற்குள் அதன் சிக்னல் கோபுரத்தை வந்தடைய வேண்டும். பிந்தினால் அடுத்தவரின் நேரத்தில் விழுந்து இரண்டும் கெடும். அதனால் தொலைவில் இருக்கும் போனைச் சற்று முன்கூட்டியே அனுப்பச் சொல்லிக் கோபுரம் உத்தரவிடுகிறது. இந்த உத்தரவுக்கு 64 படிகள் உண்டு. ஒரு படி சுமார் 550 மீட்டர். பெருக்கினால் 35 கிலோமீட்டர். கடலுக்குள் போகும் மீனவரின் பட்டன் போனுக்கு, தடுக்க ஒரு சுவர்கூட இல்லாத வெட்டவெளியிலும், சாதாரணக் கோபுரத்தோடு 35 கிலோமீட்டருக்கு மேல் தொடர்பு நிற்காது. சிக்னலின் பலம் இருந்தாலும் கணக்கு முடிந்துவிடுகிறது. 1980களில் எழுதப்பட்ட கணக்கு இது.

இத்தனை வயதான தொழில்நுட்பத்தை ஒருநாள் மூடத்தான் வேண்டும். அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. 2ஜியில் கோபுரம் போனைச் சோதிக்கும். போன் கோபுரத்தைச் சோதிக்காது. போலிக் கோபுரம் ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள போன்களை ஏமாற்றி மோசடிக் குறுஞ்செய்தி அனுப்ப முடிவது இந்த ஓட்டையால்தான். 3ஜி முதல் இரு பக்கமும் ஒன்றையொன்று சோதிக்கின்றன. அது மட்டுமல்ல, 2ஜி உட்கார்ந்திருக்கும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வரக்கூடியது, நெடுந்தூரம் போகக்கூடியது. 5ஜிக்காக 2022 ஏலத்தில் அதிகம் விற்ற 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்தச் சக்தி குறைவு. அந்தக் குறையைச் சமாளிக்கத்தான், மொட்டை மாடிக் கோபுரங்களில் நீளமான பழைய ஆன்டெனாக்களுக்குப் பக்கத்தில் குட்டையான தடித்த பெட்டிகள் வந்திருக்கின்றன. அந்தப் பெட்டிக்குள் பல சிறு ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கும். நாம் இருக்கும் திசையை நோக்கி அவை அலையைக் குவித்து அனுப்பும்.

இதுவரை சொன்னது வானில் நடக்கும் மாற்றம். அதே நேரத்தில் தரையில் இன்னொன்று மாறுகிறது. அதைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை.

அமெரிக்காவில் நீண்ட காலம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத்தான் போன் வாங்கினார்கள். நடுவில் விலகினால் அபராதம். நம் நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ப்ரீபெய்டு; யாரும் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் நமக்கு ஒப்பந்தமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொரு ரீசார்ஜும் ஓர் ஒப்பந்தம். அதன் ஷரத்துகளை நிறுவனம் எழுதுகிறது, பணம் கட்டுவதன் மூலம் நாம் ஒப்புக்கொள்கிறோம்.

அந்த ஷரத்துகள் எப்படி மாறின என்று பாருங்கள். 2003 மே மாதம் முதல் இன்கமிங் இலவசமானது. 2005 இறுதியில் ‘லைஃப்டைம்’ சிம்கள் வந்தன. ஒருமுறை பணம் கட்டினால் போதும், அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பேச வேண்டுமானால் பத்து ரூபாய்க்கு டாப்-அப். எத்தனையோ குடும்பங்களில் பாட்டியிடம் ஒரு போன் இருந்தது இதனால்தான். பிள்ளைகள் கூப்பிடுவார்கள், அவர் எடுப்பார். 2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தன: 28 நாளுக்கு 35 ரூபாய். கட்டாவிட்டால் முதலில் அவுட்கோயிங், பிறகு இன்கமிங்கும் போய்விடும். படிப்படியாக ஏறி, 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் அடிப்படைத் திட்டம் 199 ரூபாய்க்கு வந்து நின்றது. அதில் டேட்டாவும் உண்டு. டேட்டாவையே திறக்காத பட்டன் போன்காரரும் அதற்குச் சேர்த்துத்தான் கட்டினார்.

நிறுவனங்கள் பக்கத்தில் சொல்லப்படும் காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. 5ஜி ஏலத்துக்கு மட்டும் மொத்தம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். கோபுரம், ஃபைபர், மின்சாரம் தனி. அந்தப் பணம் எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். ஆனால் 5ஜியின் பக்கமே போகாதவரிடமிருந்தும் அது வரவேண்டுமா? 2024 உயர்வுக்குப் பிறகு, அளவில்லாத 5ஜி டேட்டா நாளொன்றுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்குத்தான் என்று கதவு வைத்தார்கள். மேலே உள்ள வசதிக்குக் கதவு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, கீழே உள்ளவருக்குக் குரல் மட்டும் கொண்ட ஒரு திட்டம் வைப்பது பெரிய காரியமல்ல.

28 நாள் கணக்கு நமக்குப் பழகிவிட்டது. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், ரீசார்ஜ் மட்டும் பதின்மூன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2022 ஜனவரியில் இதில் தலையிட்டது. 30 நாள் வேலிடிட்டியில் ஒரு திட்டமும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் ஒரு திட்டமும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. இருக்கின்றன. ஆனால் ரீசார்ஜ் கடையில் நாம் கேட்காமல் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

2024 டிசம்பரில் ட்ராய் இன்னொரு நல்ல காரியம் செய்தது. குரல், எஸ்எம்எஸ் இரண்டும் மட்டும் கொண்ட திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், வருடத்துக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448. நாள் கணக்கில் பார்த்தால் ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல். 199 ரூபாய்த் திட்டத்தின் ஏழு ரூபாயைவிடக் குறைவுதான். ஆனால் இதன் வேர்ப்பிரச்சினை வேறு. 469 ரூபாயை மொத்தமாக எடுத்து வைப்பவர் யார்? நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டும். அவரால் ஒரு மாதத்துக்குத்தான் கட்ட முடியும். அந்த ஒரு மாதத் திட்டம் இந்த அறிவிப்புகளில் இல்லை. யாருக்காக உத்தரவு போடப்பட்டதோ அவருக்கே அது எட்டவில்லை.

போனை வைத்தும் ஒப்பந்தம் எழுதலாம். 2003-ல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய்க்குத் தந்த சிடிஎம்ஏ போன் அந்த ஒரு நெட்வொர்க்கில் மட்டும் வேலை செய்தது. 2017-ல் வந்த ஜியோபோனுக்கு 1,500 ரூபாய் டெபாசிட், மூன்று வருடம் கழித்துத் திரும்பக் கிடைக்கும். 2023-ல் வந்த ஜியோபாரத் 999 ரூபாய்க்கு 4ஜி பட்டன் போன்; 28 நாளுக்கு 123 ரூபாய். 2ஜியிலிருந்து ஓர் ஏழை குறைந்த செலவில் மேலேற அது வழி செய்தது, அந்தப் பெருமையைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் அதில் வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாது. எண்ணை எந்த நிறுவனத்துக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று 2011 ஜனவரியில் நாடு முழுவதும் கிடைத்த போர்ட் உரிமை, இந்தப் போனை வைத்திருப்பவருக்குப் பாதிதான். எண் போகும், போன் கூடப் போகாது. இத்தனை மாதம் கட்டினால் பூட்டைத் திறந்து தரவேண்டும் என்று ஒரு கால வரம்பு வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

போர்ட் உரிமையின் அருமை தமிழ்நாட்டுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் நிறுவனத்தின் கோபுரங்கள் வரிசையாக அணைந்தன. கோபுர நிறுவனங்களுக்குக் கட்டவேண்டிய பாக்கி, அதைத் தொடர்ந்து திவால் மனு. போர்ட் செய்ய 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்ப டவர் வேண்டும். டவர் இல்லை. வங்கிக் கணக்கு, காஸ் புக்கிங், ஆதார் என எல்லாம் அந்த ஓர் எண்ணில் மாட்டிக்கொண்டிருக்க, ஏர்செல் கடைகள் முன்னால் கூட்டம் கூடி நின்றது. பிறகும் வேறு வடிவில் இந்தச் சிக்கல் தொடர்ந்தது. மலிவான திட்டங்களில் எஸ்எம்எஸ் வசதியே இல்லாததால் போர்ட் கேட்கவும் முடியவில்லை. எந்தத் திட்டமாக இருந்தாலும் 1900-க்கான எஸ்எம்எஸ்ஸைத் தடுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட வேண்டியிருந்தது.

2ஜியை மூடும் நாள் நமக்கும் வரும். அப்போது என்ன நடக்கலாம் என்பதை ஆஸ்திரேலியா ஏற்கெனவே காட்டியிருக்கிறது. அங்கே 3ஜியை மூடும் வேளையில் ஓர் ஆபத்து தெரிய வந்தது. சில போன்கள் வழக்கமான அழைப்புகளை 4ஜியில் வோல்ட்டி வழியாகச் செய்தன. அவசர எண்ணான 000-ஐ அழைத்தால் மட்டும் 3ஜிக்கு இறங்கின. தயாரிப்பாளர் உள்ளே அப்படி அமைத்திருந்தார். வைத்திருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. அன்றாடம் நன்றாகப் பேசும் போன், மாரடைப்பு வந்த இரவில் ஆம்புலன்ஸை அழைக்காது. மூடும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். அவசர அழைப்பு செய்ய முடியாத போன்களுக்கு இணைப்பே தரக்கூடாது என்று அரசு விதித்தது. 2024 அக்டோபர் 28 அன்றுதான் அந்நாட்டு நிறுவனங்களான டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் மூடத் தொடங்கின. நம் நாட்டில் 2ஜியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு மாடல் போனிலும் அவசர எண்ணான 112 வேலை செய்கிறதா என்று சோதித்துப் பட்டியலிட வேண்டிய பொறுப்பு அரசுக்கு உண்டு. அந்த வேலையை இப்போதே தொடங்கலாம்.

அதுவரை நம் வீட்டளவில் செய்யக்கூடியவை இருக்கின்றன. பெரியவர்களின் போனை வாங்கிப் பாருங்கள். 4ஜி போனாக இருந்தால் செட்டிங்கில் வோல்ட்டி இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள். சிம் பத்து வருடத்துக்கு முன் வாங்கியதாக இருந்தால் கடையில் கொடுத்து 4ஜி சிம்மாக மாற்றுங்கள். பழைய 2ஜி சிம்மை 4ஜி நெட்வொர்க் ஏற்காது. சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் போர்ட் செய்ய முடியாமல் போகலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தால்தான் ப்ரீபெய்டு எண்ணை ரத்து செய்யலாம். கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதற்குப் பிறகும் ரத்து செய்யக்கூடாது என்பது 2013 முதல் இருக்கும் விதி. ஊருக்குப் போய் வந்த அப்பாவின் எண்ணைக் கேட்காமல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக யாராவது சொன்னால், இந்த விதியைச் சொல்லிப் புகார் எழுதுங்கள்.

ட்ராய்க்கு வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்றுதான். குரல் மட்டும் கொண்ட திட்டத்தை 30 நாள் வேலிடிட்டியிலும் தரவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கட்டணங்கள் குறித்துக் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும் ஒவ்வொரு முறையும் பொதுமக்களின் கருத்தை ட்ராய் கேட்கிறது. அடுத்த முறை கேட்கும்போது, வீட்டில் ஒரு பட்டன் போன் இருக்கும் ஒவ்வொருவரும் எழுத வேண்டும்.