எலியின் மார்பில் ஈஸ்ட்ரோஜன்

சாந்தோமிலிருந்து தெற்கே திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. 1980-களில் சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் அதிகம் என்றது அதன் பதிவேடு. இன்று முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. கட்டியிலிருந்து எடுத்த சதைத்துணுக்கில் டாக்டர்கள் தவறாமல் பார்ப்பது, 'ஈ.ஆர். பாசிட்டிவா, நெகட்டிவா?' அதாவது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அந்தச் செல்களில் உண்டா என்று.

இந்தக் கேள்விக்கு வழிகாட்டியவற்றில் ஆய்வுக்கூட எலிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1932-இல் பாரிஸில் லகசாஞ் என்பவர் ஆண் சுண்டெலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் வகைகளில் ஒன்றான ஈஸ்ட்ரோனை ஊசி மூலம் செலுத்தினார். அவற்றுக்கும் மார்பில் கட்டி வந்தது.

1961-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 50 நாள் வயதுப் பெண் எலிகளுக்கு டி.எம்.பி.ஏ. என்ற நச்சு வேதிப்பொருளை நல்லெண்ணெயில் கரைத்து ஒரே ஒரு முறை புகட்டினார். அந்த வயதில் பால்நாளங்களின் நுனிகளில் செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும். நச்சு மரபணுவைக் கெடுத்தது. சில மாதங்களில் கட்டிகள் எழுந்தன. சினைப்பைகளை அகற்றியதும் பெரும்பாலான கட்டிகள் சுருங்கின. கெடுத்தது நச்சு, கெட்ட செல்லைப் பெருகச் செய்தவை ஈஸ்ட்ரோஜன் உள்ளிட்ட சினைப்பை ஹார்மோன்கள்.

ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் புகுந்து ஏற்பியோடு சேர்ந்தால், பிரியச் சொல்லும் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். பூட்டுத் துளையில் வேறொரு சாவியைச் செருகி வைப்பதுபோல அந்த ஏற்பியை அடைப்பது டமாக்சிஃபென் மருந்து. 1970-களில் கிரெய்க் ஜோர்டன் டி.எம்.பி.ஏ. புகட்டிய எலிகளிடம் அதைச் சோதித்தார். கட்டிகள் வராமல் தடுத்தது. இன்று ஈ.ஆர். பாசிட்டிவ் நோயாளிகள் பலர் அதை ஐந்தாண்டு, சிலர் பத்தாண்டு விழுங்குகிறார்கள். லக்னோவில் உருவாகி 1991-இல் 'சஹேலி' என்று விற்பனைக்கு வந்த கருத்தடை மாத்திரையும் இந்த ஏற்பியைத்தான் குறிவைக்கிறது.

ஆனால், ஈஸ்ட்ரோஜனை வில்லனாக்கிவிட முடியாது. கர்ப்பகால அளவில் ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டிரோனையும் சில வாரங்கள் கொடுத்தால், எலியின் மார்பு பின்னால் வரும் நச்சைத் தாங்குகிறது. சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன் ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் பொருள். சினைப்பை நீக்கிய சுண்டெலியில் பதித்த மனிதப் புற்றுக்கட்டியை அது வளர்த்தது. பருவமடையாத எலிக்குக் கொடுத்தபோதோ, பிற்காலக் கட்டிகளைக் குறைத்தது. ஆகவே, எலி ஆய்வைக் காட்டி யாராவது சோயாவில் செய்யும் மீல்மேக்கரைச் சாப்பிடாதே என்றாலோ, சாப்பிடு என்றாலோ மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு, எந்த வயதில், எத்தனை நாள்?