பள்ளி நாட்காட்டியும் நம் பொறுப்பும்



ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. அதனால் ரமளான் ஆண்டுதோறும் முன்னே வந்துகொண்டிருக்கிறது. பள்ளி ஆண்டோ எப்போதும் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. இரண்டும் சந்திக்கும் ஆண்டுகளில் நம் பிள்ளைகள் நோன்போடு தேர்வு எழுதுகிறார்கள்.

2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11 அன்று வந்தது. 4 முதல் 9ஆம் வகுப்பு வரை அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் தேர்வு வைத்திருந்தார்கள். நம் சமுதாயத்தின் கோரிக்கையை ஏற்று, அந்த இரு தேர்வுகளையும் ஏப்ரல் 22, 23க்குக் கல்வித்துறை மாற்றியது. கடும் வெயிலால் பள்ளி திறப்பும் 2023இல் ஜூன் 12க்கும், 2024இல் ஜூன் 10க்கும் தள்ளிப்போனது. காரணத்தோடு முன்கூட்டியே கேட்டால் தேதி மாறும்.

ஆனால் தேதியை மாற்றுவது வேறு, படிப்பு நாளைக் குறைப்பது வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 5ஆம் வகுப்புக்கு 200 வேலை நாட்களும், 6 முதல் 8ஆம் வகுப்புக்கு 220 நாட்களும் வேண்டும் என்கிறது. நோன்பு என்று சில நாள், கல்யாணம் என்று ஒரு வாரம், தறிக்கு ஆள் இல்லை என்று சில நாள் பிள்ளையை நிறுத்தினால், விட்டுப்போன பாடத்தை வீட்டில் யார் சொல்லித் தருவது? வசதி உள்ளவர் டியூஷன் வைப்பார். இல்லாதவருக்கு அரசுப் பள்ளி ஒன்றுதான் வழி.

அந்தப் பள்ளியைச் சீராக்கும் உரிமையையும் அதே சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இக்குழுவின் வேலை. கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் பற்றாக்குறை எதுவானாலும் அங்கே பேசலாம். நம் தாய்மார்கள் கூச்சப்பட்டு ஒதுங்கினால் நம் குறையை அங்கே யார் சொல்வார்?

அரசிடம் கேட்கும் நாம் நம் பங்கையும் செய்ய வேண்டும். தேர்வு மாதத்தில் மக்தப் நேரத்தைச் சுருக்குவது குறித்து ஹஜ்ரத்மார்களிடம் பேச இருக்கிறோம். பெற்றோர்களிடம் நாம் கேட்பது இரண்டு: காரணமின்றிப் பிள்ளையை நிறுத்தாதீர்கள், குழுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

— செயலாளர்