இரைச்சல்சார் செவிப்பாதிப்பைத் தொடக்கத்தில் கண்டறிதல்

இரைச்சல்சார் செவிப்பாதிப்பைத் தொடக்கத்தில் கண்டறிதல் என்பது, பேரிரைச்சல் நிலவும் பணியிடங்களில் தொழிலாளரின் கேட்கும் திறன் குறைவதை, அவர் தாமே உணரும் முன்னர் சோதனைகள் மூலம் அறிதலாகும். இவ்விழப்பு நிலையானது, மருந்தினால் மீட்க இயலாது. எனினும் மேலும் வளராமல் தடுக்கலாம்.

கிளாஸ்கோ நகரில் கொதிகலன் செய்யும் தொழிலாளரைத் தாமஸ் பார் என்னும் மருத்துவர் 1886இல் ஆய்வு செய்தார். கைக்கடிகாரம் பரவாத அக்காலத்தில், சட்டைப்பைக் கடிகாரத்தின் துடிப்பொலியே அவரது சோதனைக் கருவி.

== பாதிப்பின் தன்மை ==
உட்செவியின் நத்தைச்சுருளில் உள்ள மயிர்க்கலங்கள் ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. பறவைகளில் அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் வளரும், மனிதரில் வளர்வதில்லை. இரைச்சல் முதலில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியையே தாக்குகிறது. பேச்சின் உயிரொலிகள் இதற்குக் கீழே அமைவதால் உரையாடல் தொடக்கத்தில் தடைப்படுவதில்லை. ஆகவே "எனக்கு நன்றாகக் கேட்கிறது" என்னும் தொழிலாளியின் கூற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது.

== சோதனை ==
செவிப்புலன்மானி மூலம் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலியளவு பதிவு செய்யப்படுகிறது. வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமும், 8000இல் மீட்சியும் காணப்படுவது இப்பாதிப்பின் அடையாளம். முதுமையால் வரும் இழப்பில் இம்மீட்சி பொதுவாக இராது. வேலை முடிந்தவுடன் சோதித்தால் தற்காலிகக் குறைவும் கலந்துவிடும். எனவே அமெரிக்க விதிகளின்படி, அடிப்படைப் பதிவுக்கு முன் 14 மணிநேரம் பணியிட இரைச்சலைத் தவிர்க்க வேண்டும். தகுந்த செவிக்காப்பு அணிவதும் ஏற்கப்படும்.

எவ்வளவு மாற்றத்தைப் பாதிப்பு எனக் கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் 1983ஆம் ஆண்டு விதி 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் ஆகியவற்றின் சராசரியில் 10 டெசிபெல் மாற்றத்தைக் கோருகிறது. ஒருவருக்கு இவற்றில் முறையே 0, 5, 20 டெசிபெல் குறைந்திருந்தால் சராசரி 8.3 மட்டுமே, அவர் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் வாரார். அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998இல், ஏதேனும் ஓர் அதிர்வெண்ணில் 15 டெசிபெல் மாறினாலே போதும் எனப் பரிந்துரைத்தது. இவ்வளவுகோலில் அவர் சிக்குவார். தொடக்க நிலையைப் பிடிப்பதே நோக்கமாயின் இதுவே பொருத்தமானது.

டேவிட் கெம்ப் 1978இல் கண்டறிந்த செவி உமிழொலிச் சோதனையில் தொழிலாளி பதிலளிக்க வேண்டியதில்லை. புற மயிர்க்கலங்களின் இயக்கமே நேரடியாக அளக்கப்படுகிறது. ஆனால் செவியில் அழுக்கோ நடுச்செவி நோயோ இருப்பின் முடிவு பிழைபடும்.

மாற்றம் தென்பட்டால் முப்பது நாட்களுக்குள் மறுசோதனை செய்யலாம். மாற்றம் உறுதியானால் 21 நாட்களுக்குள் தொழிலாளிக்கு எழுத்துமூலம் தெரிவித்து, அவரது செவிக்காப்பைச் சரிபார்த்துப் பொருத்த வேண்டும் என்பது அமெரிக்க விதி.