ஏட்டண்ணாவியார் இல்லாத ஆட்டம்

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதன் தலைப்பிள்ளை. கேம் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். இடத்தை அவர் விவரிப்பார். “நான் தோணியை மறுகரைக்குத் திருப்புகிறேன்” என்று ஒருவர் சொன்னால், திருப்ப முடிந்ததா என்பதைப் பகடை சொல்லும். முன்கூட்டி எழுதிய வசனம் கிடையாது, வெற்றிக்கோடும் கிடையாது. ஒரே கதை கிழமைக்கு ஓர் இரவாக ஆண்டுக்கணக்கில் ஓடும். அதைத் தொடராட்டம் என்று சொல்லலாம்.

தொடராட்டத்தின் எதிரி மறதி. மூன்றாம் மாதத்தில் அந்தத் தோணிக்காரனின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. “மச்சான், அண்டைக்கு அவன் ஆத்துல விழுந்து செத்துட்டான் எண்டுதானே சொன்ன நீ?” என்று ஒருவர் கேட்பார். இல்லை, நீந்திக் கரையேறினான் என்பார் இன்னொருவர். அன்றைய ஆட்டம் அத்தோடு நின்றுவிடும்.

மட்டக்களப்புக் கூத்தில் இந்தச் சிக்கல் வருவதில்லை. விடிய விடிய ஆடும் களரியில் மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பார், ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்க ஏட்டண்ணாவியார் இருப்பார். கூத்துப் பழகத் தொடங்கும்போதே ‘சட்டம் கொடுத்தல்’ நடக்கும். அவரவர் வேடத்துக்குரிய பாட்டும் வசனமும் அவரவர் கைக்குப் போகும், முழு ஏடு அண்ணாவியாரிடம் இருக்கும். வேட விளையாட்டில் நிலைமை தலைகீழ். அங்கே ஆட்டம் முதலில் நடக்கிறது, ஏடு அதற்குப் பின்னால் பிறக்கிறது. அதை யார் எழுதுவது, எங்கே எழுதுவது? ஒரே கொப்பியில் எழுதினால் நாலாம் மாதம் தேட முடியாது. இந்த இடத்துக்குத்தான் விக்கி பொருந்துகிறது.

விக்கி என்பது வாசிப்பவரே திருத்தக்கூடிய பக்கங்களின் கூட்டம். முதல் விக்கியை 1995இல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் தம் தொழில்காரர்கள் அனுபவங்களை எழுதிப் பகிர்வதற்காக இணையத்தில் வைத்தார். 2001இல் விக்கிப்பீடியாவும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் வந்தன. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்துவைக்க 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளமும் விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம், அதில் ஆசிரியர் பெயர், பகுப்பு, மின்வடிவத்துக்கு ஓர் இணைப்பு. மட்டக்களப்பில் பழைய கோயில் மலரோ கூத்து நூலோ தேடியவர்களில் பலர் தெரியாமலே விக்கி பழகியவர்கள்.

ஓர் ஆட்டத்தை மட்டக்களப்பு வாவியிலேயே வைத்துப் பார்ப்போம். காலம் 1638, சித்திரை மாதம். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை நிற்கிறது. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் கைகோத்து அடுத்த மாதம் அதைப் பிடிக்கப்போகிறார்கள். அது நமக்குத் தெரியும், வேடக்காரருக்குத் தெரியாது. வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே வயல்கள் விரியும் படுவான்கரை. இடையே சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குத் தண்ணீர். மண்முனையில் கரைகளை இணைக்கும் பாலம் 2014இல்தான் வந்தது, ஆகவே நம் கதையில் தோணிக்காரனே ராசா. ஒருவர் அந்தத் தோணிக்காரன், ஒருவர் பெருவயல்காரரான போடியாரின் மகன், ஒருவர் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், ஒருவர் கோட்டைக்குள் மொழிபெயர்க்கும் துவிபாசி. 1638இல் போடியார் என்ற பட்டம் இருந்ததா என்று வரலாற்றுக்காரர் சண்டைக்கு வரலாம். மேசைக்கு இது போதும்.

முதல் இரவு முடிந்ததும் விக்கியில் நாலு பக்கம் எழுதினால் போதும்: புளியந்தீவு, மண்முனைத் துறை, தோணிக்காரன், அன்றைய இரவின் குறிப்பு. ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது இணைப்பாகிவிடும். அந்தப் பெயரில் பக்கம் இல்லையென்றால் இணைப்பு சிவப்பாகத் தெரியும். இந்தச் சிவப்பை நான் பெரிதாக மதிப்பேன். “கோட்டைச் சமையற்காரனிடம் ஒரு சாவி இருக்காம்” என்று யாரோ போகிறபோக்கில் சொன்னது குறிப்பில் சிவப்பாகக் கிடக்கும். அடுத்த கிழமைக்கு எதை ஆயத்தம் செய்யவேண்டும் என்ற பட்டியல் கேம் மாஸ்டருக்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது.

அதைவிடப் பயனுள்ளது ‘இப்பக்கத்தை இணைத்தவை’ என்ற பொத்தான். தோணிக்காரனின் பக்கத்தில் நின்று அதை அழுத்தினால் அவன் வந்துபோன இரவுகள், கடன்பட்ட ஆட்கள், கால்வைத்த துறைகள் எல்லாம் வரிசையாக வந்துநிற்கும். கொப்பி முன்னோக்கி மட்டும் ஓடும், விக்கி பின்னோக்கியும் வாசிக்கும். வரலாற்றுப் பக்கம் இன்னொரு காவல். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை அது விடாமல் வைத்திருக்கும். தோணிக்காரன் நீந்திக் கரையேறினானா என்ற வழக்கு அங்கே தீரும், அன்றிரவே குறிப்பு எழுதியிருந்தால். இரண்டு நாள் பொறுத்து எழுதினால் விக்கியும் ஒரு வதந்திதான்.

தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை. ‘கல்லடியில்’ என்று எழுத ‘கல்லடி’யை அடைப்புக்குள் போட்டு ‘யில்’லை வெளியே விட்டால் வேலை முடிந்தது. ‘புளியந்தீவில்’ அப்படி வராது, கடைசி எழுத்தே மாறிவிடுகிறது. அடைப்புக்குள் முதலில் பக்கத்தின் பெயர், பிறகு ஒரு நெட்டுக்கோடு, பிறகு வாக்கியத்தில் தெரியவேண்டிய உருவம் என்று எழுதவேண்டும். ஒல்லாந்தரின் பெயர்களோ இன்னும் மோசம். வெஸ்டர்வோல்டை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். எல்லா எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு வழிமாற்று போட்டுவைத்தால் அவர் மூன்று ஆளாகப் பிரியமாட்டார்.

இனி இரகசியம். சாவி எங்கே இருக்கிறது என்பது கேம் மாஸ்டருக்கு மட்டும் தெரியவேண்டும், துவிபாசிக்கு அதில் பாதி தெரியலாம். மீடியாவிக்கி இதற்கு ஏற்றதல்ல. எல்லாரும் எல்லாவற்றையும் வாசிக்கலாம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது அது, பக்கத்துக்குப் பக்கம் பூட்டுப்போட முயன்றால் எங்கோ ஓர் ஓட்டை இருக்கும். டொக்குவிக்கியில் யார் எந்தப் பகுதியைப் பார்க்கலாம் என்று பிரித்துவைக்கலாம். தொடராட்டத்துக்கென்றே வந்த ஒப்சிடியன் போர்ட்டல், வேர்ல்ட் அன்வில் போன்ற தளங்களில் கேம் மாஸ்டருக்கு மட்டும் தெரியும் மறைபகுதிகள் உண்டு. என் கட்சி வேறு. இரகசியத்தைத் தாளில் எழுதிச் சட்டம் கொடுப்பதுபோல் உரியவர் கையில் கொடுத்துவிடலாம். மேசையில் வெளிப்பட்ட பிறகு விக்கியில் ஏற்றினால் போதும்.

பாடும் மீன் இல்லாமல் இந்த வாவியில் கதை நடக்காது. நிலவு இரவில், தோணியை நிறுத்தித் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி அதன் பிடியில் காதுவைத்தால் அடியிலிருந்து ஓர் ஒலி கேட்கும் என்பார்கள். 1848இல் இங்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், தாம் கேட்ட அந்த ஒலியைத் தம் இலங்கை நூலில் விரிவாக எழுதினார். மீன் என்பார் சிலர், ஊரி என்பார் சிலர். விக்கியில் இதற்கு ஒரு பக்கம் திறந்தால் ‘காரணம்’ என்ற இடத்தைக் காலியாக விடவேண்டும். தோணிக்காரன் சொல்வது ஒரு பத்தி, வண்ணக்கர் சொல்வது இன்னொரு பத்தி, கோட்டைக் காவலன் பயந்து சொன்னது மூன்றாவது. எது உண்மை என்று கேம் மாஸ்டர் முன்னரே எழுதிப்பூட்டினால் அந்த இரவு ஆடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விக்கி திறந்ததும் பலருக்கு ஒரு காய்ச்சல் வரும். குடிகளின் வம்சம், துறைகளின் வரி, ஒல்லாந்தக் கப்பல்களின் பாய் அளவு என்று நூறு பக்கம் எழுதித் தள்ளுவார்கள். அது எழுதுபவருக்கு இன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேசைக்கு வந்தவர்கள் அதில் நாலு பக்கம்கூட வாசிக்கமாட்டார்கள். ஆடியதை எழுதவேண்டும், ஆடப்போவதை அல்ல.

மின்வெட்டுக்கும் வழி இருக்கிறது. 2004இல் ஜெரமி ரஸ்டன் உருவாக்கிய டிட்லிவிக்கி முழுவதும் ஒரே கோப்பு. பென்ட்ரைவில் போட்டு எடுத்துப்போய், இணையம் இல்லாமலே மடிக்கணினியின் உலாவியில் திறக்கலாம். ஒரே நேரத்தில் பலர் எழுத அது தோதுப்படாது, ஒருவர் எழுதிச் சேமித்து மற்றவரிடம் கொடுக்கவேண்டும்.

எழுதும் வேலையைக் கேம் மாஸ்டரின் தலையில் கட்டாமல், இரவுக்கு ஒருவர் என்று முறைவைத்து, அவரவர் வேடத்தின் வாயாலேயே எழுதச் சொல்லலாம். கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது துவிபாசிதான் என்று தோணிக்காரன் எழுதுவான். இல்லை, தோணிக்காரன் என்று துவிபாசி கீழே உரையாடல் பக்கத்தில் போய்ச் சண்டைபிடிப்பார். இரண்டையும் அழிக்காமல் விட்டால், அடுத்த கிழமை ஆட்டத்தை அந்தக் கதவடியிலிருந்தே தொடங்கலாம்.