வீட்டுக் கணினியும் புறக்கடைக் கதவும்

ஒரு காலத்தில் தோட்டப்புறத்து இல்லங்களில் வானொலிப் பெட்டி பெற்றிருந்த இடத்தை இன்று கணினி பெற்றுவிட்டது. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இல்லம் தேடி வந்தபொழுது, நம் பெற்றோருள் பலர் எப்பாடுபட்டேனும் பழைய கணினி ஒன்றை வாங்கி வைத்தனர். காலையில் பிள்ளை பாடம் படிக்கும் அதே பெட்டியில்தான் மாலையில் தந்தையார் தம் சேமநிதிக் கணக்கைப் பார்க்கின்றார். தாயார் மின்கட்டணம் செலுத்துகின்றார். ஆகவே, அப்பெட்டிக்குள் கள்வன் நுழைந்தால் இழப்பு பிள்ளையின் விளையாட்டோடு நின்றுவிடாது.

சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவன் ஒருவன் இணையத்தில் பழைய விளையாட்டு ஒன்றைத் தேடினான். திறந்த பக்கத்தில், "இதனை விளையாட ஃப்ளாஷ் வேண்டும், இங்கே அழுத்துக" என்று ஓர் அறிவிப்புத் தோன்றியது. பால்மரக்காட்டிலிருந்து திரும்பிய தந்தையிடம் கேட்டான். "எனக்குத் தெரியாதப்பா, நாளைக்கு ஆசிரியரைக் கேட்டுவிட்டு அழுத்து" என்றார் அவர். அந்த ஒரு சொல் அக்குடும்பத்தின் சேமிப்பைக் காத்திருக்கக்கூடும். ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

இணையப் பக்கங்களை நமக்குக் காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் போன்றவை உலாவிகளாகும். தொடக்க கால உலாவிகளுக்கு எழுத்தையும் படத்தையும் காட்டத் தெரியுமேயன்றி, அசையும் சித்திரமோ விளையாட்டோ காட்டத் தெரியாது. அக்குறையைப் போக்கப் பிற நிறுவனங்கள் செய்து உலாவியோடு பொருத்திய துணை மென்பொருள்களே செருகுநிரல்கள். ஃப்ளாஷும் ஜாவாவும் அவற்றுள் புகழ்பெற்றவை. 2005-இல் தோன்றிய யூடியூப்கூட முதலில் ஃப்ளாஷைக் கொண்டே காணொளிகளைக் காட்டியது.

வீட்டை ஒரு தச்சர் கட்ட, புறக்கடைக் கதவை வேறொருவர் வந்து வைத்தது போன்றதே இந்த ஏற்பாடு. முன்கதவுக்கு எத்துணை வலிய பூட்டுப் போட்டாலும், புறக்கடைத் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தால் என்ன பயன்? செருகுநிரலில் பிழை இருந்தால் உலாவியைச் செய்தவரால் அதைத் திருத்த இயலாது. மேலும், பல ஆண்டுகள்வரை செருகுநிரல்கள் கணினியின் உரிமையாளர் செய்யக்கூடிய ஏறத்தாழ எல்லாவற்றையும் தாமும் செய்யும் உரிமை பெற்றிருந்தன.

பிழை எப்படி வாயிலாகிறது? பத்து லிட்டர் வாளியில் பன்னிரண்டு லிட்டர் பாலை ஊற்றினால் மிகுதி தரையில் வழிந்தோடும். கணினியிலும் அவ்வாறே. ஒரு படத்தைப் பெற நிரல் தன் நினைவகத்தில் குறிப்பிட்ட அளவு இடம் ஒதுக்குகின்றது. அளவு மிஞ்சிய படத்தைக் கள்வன் வேண்டுமென்றே அனுப்புகின்றான். நிரல் அளந்து பார்க்கத் தவறினால், மிகுதியானது பக்கத்து இடத்தில் வழிகின்றது. அங்கிருந்த குறிப்பை அழித்து, "இனி நான் சொல்வதைச் செய்" என்று கள்வனின் கட்டளை அமர்ந்துகொள்கின்றது. பிழைகளில் வேறு வகைகளும் உண்டு. எனினும் நாம் அஞ்ச வேண்டிய செய்தி இதுதான்: எதையும் அழுத்த வேண்டியதில்லை, பக்கத்தைத் திறந்தாலே போதும். நற்பெயர் பெற்ற தளங்களில் வந்த விளம்பரங்களின் வழியாகவும் இத்தகைய நச்சுப் படங்கள் பரவியதுண்டு.

2012-ஆம் ஆண்டு நிகழ்ந்த 'ஃப்ளாஷ்பேக்' தாக்குதல் இதற்குத் தக்க சான்றாகும். ஜாவாவில் இருந்த ஓர் ஓட்டையை ஆரக்கல் நிறுவனம் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அடைத்துத் திருத்தம் வெளியிட்டது. ஆனால் ஆப்பிள் கணினிகளுக்கான திருத்தத்தை ஆப்பிள் நிறுவனம் ஏப்ரலில்தான் வழங்கியது. அந்த இடைவெளியில் 600,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணினிகள் நோயுற்றன. "ஆப்பிள் கணினிக்கு நோயே வராது" என்று பலரும் நம்பியிருந்த காலம் அது! திருத்தம் வெளிவரும்பொழுது ஓட்டை எங்கே இருந்தது என்பதும் கள்வனுக்குத் தெரிந்துவிடுகின்றது. திருத்தத்தைப் பொருத்தாதவர் வீடு அன்றுமுதல் அடையாளமிடப்பட்ட வீடாகும். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அந்நச்சுநிரல் 2011-இல் முதன்முதலாக ஃப்ளாஷை நிறுவும் கோப்பு போல வேடமிட்டே வந்தது. பெயர்க் காரணமும் அதுவே.

மறு ஆண்டு சனவரியில், உலாவிகளில் ஜாவாவை முடக்கிவிடுமாறு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே மக்களுக்கு அறிவுரை கூறியது. பின்னர் உலாவி நிறுவனங்கள் புறக்கடைக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்தன. குரோம் 2015-இலும், ஃபயர்பாக்ஸ் 2017-இலும், ஃப்ளாஷ் நீங்கலான பழைய வகைச் செருகுநிரல்களைக் கைவிட்டன. ஃப்ளாஷுக்கும் 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்தியது. 2021 சனவரி 12 முதல் அது இயங்காதவாறு தடையும் செய்தது. ஆகவே, இன்று ஃப்ளாஷை நிறுவச் சொல்லும் அறிவிப்பை நம்புவதற்கு இடமே இல்லை. நம் மாணவன் கண்டதும் பொய் அறிவிப்பே.

அப்படியானால் அச்சம் தீர்ந்ததா? இல்லை. செருகுநிரல் சென்ற இடத்தில் 'நீட்டிப்பு' வந்து அமர்ந்துள்ளது. விளம்பரத்தை மறைக்க, சொல்லை மொழிபெயர்க்க, திரையின் நிறத்தை மாற்ற என்று சிறுசிறு நீட்டிப்புகளைச் சேர்த்துக்கொள்கின்றோம். சேர்க்கும்பொழுது, "நீங்கள் செல்லும் எல்லாத் தளங்களிலும் உள்ள விவரங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி" என்று அவற்றுள் பல கேட்கின்றன. எல்லாத் தளம் என்பதில் வங்கியும் அடக்கம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று நல்லதாக உள்ள நீட்டிப்பு நாளை கைமாறலாம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்னும் நீட்டிப்பு 2020-இல் வேறொருவருக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் தீய நிரல் கொண்டதென்று கூகல் அதனை நீக்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்னும் நிறுவனத்தின் ஊழியரைப் பொய் மின்னஞ்சலால் ஏமாற்றி, அதன் நீட்டிப்பில் தீய பதிப்பைக் கள்வர் ஏற்றினர். அது தகவல் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனம்!

ஆகவே, பெற்றோரே, இவ்வார இறுதியில் பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொண்டு உலாவியின் நீட்டிப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். யார் சேர்த்தார், எதற்காக என்று தெரியாதவற்றை நீக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு இருந்தாலே மிகுதி என்பது நம் கருத்து. பழைய கணினியில் ஃப்ளாஷ் இன்னும் இருந்தால் அதையும், எவருக்கும் பயன்படாத ஜாவாவையும் அகற்றுக. உலாவி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஆயினும் அதை மூடித் திறந்தால்தான் புதிய பதிப்பு செயற்படும். வாரக்கணக்கில் மூடாமலே வைத்திருப்போர் இதனைக் கருத்திற்கொள்க. பிள்ளைக்கென்று நிருவாகி உரிமையற்ற தனிக் கணக்கு ஒன்றை அமைத்துத் தருவது இவை யாவற்றினும் சிறந்த காவல் எனலாம். பிள்ளை தவறி அழுத்தினாலும் கேடு வீடு முழுவதும் பரவுவது அரிது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. புதிய கணினி வாங்குவது எல்லாக் குடும்பத்திற்கும் எளிதன்று என்பதை நாம் அறிவோம். பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினியைக் கட்டுரை தட்டெழுதவும் பாடம் பார்க்கவும் வைத்துக்கொண்டு, வங்கி அலுவலைத் திருத்தங்கள் பெறும் கைப்பேசிக்கு மாற்றிவிடலாம். பணம் பறிபோனதாக ஐயம் தோன்றினால் கணினியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வங்கியையும் 997 என்னும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்ணையும் உடனே அழையுங்கள். வெட்கப்பட்டு மறுநாள்வரை காத்திருந்தால் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும்.

இனி, அம்மாணவனின் விளையாட்டுக்கு வருவோம். ஃப்ளாஷ் இல்லாமலே பழைய ஃப்ளாஷ் விளையாட்டுகளை உலாவிக்குள் இயக்கிக்காட்டும் 'ரஃபிள்' என்றொரு மென்பொருள் உண்டு. அதன் துணையோடு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகம் 2020 நவம்பர் முதல் அத்தகைய விளையாட்டுகளைப் பாதுகாத்து வருகின்றது. பள்ளிக் கணினி அறையில் அவனோடு அமர்ந்து தேடினோம். அவன் கேட்ட விளையாட்டும் அங்கே இருந்தது. இப்பொழுது அதைத் தன் தங்கைக்குக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றானாம்.