கடற்கரை விடுமுறை: வீட்டில் தொடங்கும் திட்டம்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் 'கடற்கரையில் ஒரு நாள்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது தமிழ்ப்பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலும் அந்தத் தலைப்பைக் கொடுத்தேன். பிள்ளைகள் எல்லாரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு ஏட்டை மூடி வைத்திருந்தான். "நான் இன்னும் கடலைப் பார்த்ததில்லை, டீச்சர்" என்பதே அந்த வரி.

எங்கள் பள்ளி கூலிம் வட்டாரத்தில், ஒரு தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் பதினொரு வயதுப் பிள்ளை ஒருவன் கடலைப் பார்த்ததில்லை என்றால் அதற்குக் காரணம் என்ன? தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அவன் தந்தையிடமே கேட்டேன். "காசு இல்லாமல் இல்லை, டீச்சர். எனக்கு ஓய்வு கிடைக்கிற அன்று அவளுக்கு வேலை. அவளுக்கு ஓய்வு என்றால் பையனுக்குப் பள்ளி. போனால் ஹோட்டலில் தங்குகிற மாதிரி போக வேண்டும் என்று நினைத்தோம். அப்படியே வருசம் ஓடிவிட்டது" என்றார்.

கணவன், மனைவி இருவருமே கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்பவர்கள். 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தப் பூங்கா, நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. அன்று பால்வாளி தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே மின்னணுக் கருவிகளின் முன் நிற்கிறார்கள். வருமானம் உயர்ந்தது உண்மை. ஆனால், தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பெரட்டு, ஒரே நேரத்தில் ஓய்வு என்றிருந்த வாழ்க்கை போய்விட்டது. ஷிப்டு முறையில் குடும்பத்தார் ஒருவரையொருவர் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஆகவே குடும்ப விடுமுறை என்பது இன்று ஆடம்பரமன்று, தேவை. அது தானாக அமையாது, திட்டமிட்டால்தான் அமையும் என்பதே இன்றைய உரையின் கருத்து.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்தது, பாடத் திட்டம் எழுதாமல் வகுப்புக்குள் காலடி வைக்கக் கூடாது என்பதுதான். பாடத் திட்டத்தில் முதலில் நோக்கம் வரும். பிறகு நேரம், தேவையான பொருள், நடவடிக்கை. விடுமுறைக்கும் இதே வரிசை பொருந்தும்.

முதலில் நோக்கத்தைப் பார்ப்போம். ஒரு நாள் இரவு, சாப்பிட்ட பிறகு, குடும்பத்தார் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் விடைகள் வெவ்வேறாக வரும். சிறுவனுக்கு மணலும் தண்ணீரும் போதும். வளர்ந்த பெண்ணுக்குக் கடைத்தெரு வேண்டும். தந்தைக்கு நிம்மதியான தூக்கம் வேண்டும். பாட்டிக்கோ கால் வலிக்காத இடம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பமாவது நிறைவேறும்படி இடத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்ல திட்டம்.

கலகலப்பான கடற்கரை ஊர் வேண்டும் என்பவர்களுக்குப் பத்து பெரிங்கி ஏற்றது. 'பத்து' என்றால் மலாயில் கல். 'பெரிங்கி' என்பது, நாம் ஐரோப்பியரைப் பறங்கியர் என்று சொல்கிறோமே, அதே சொல்லின் உறவு. இங்கே 1948இல் லோன் பைன் ஹோட்டலும், 1973இல் ராசா சாயாங் ஹோட்டலும் தோன்றின. இன்று பெரிய ஹோட்டல்களும் சிறிய தங்கும் விடுதிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. பகலில் குதிரைச் சவாரியும் படகு விளையாட்டும் உண்டு. மாலையில் இரவுச் சந்தை உண்டு. சற்று அப்பால் தெலுக் பஹாங்கில் 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவும், வண்ணத்துப்பூச்சிப் பண்ணையும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படங்களில் காணும் பளிங்கு நீலக் கடலை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் கலப்பதால் நீர் கலங்கலாகத்தான் இருக்கும்.

அடுத்தது நாள். கெடா மக்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பலர் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. நம் மாநிலத்தில் வார ஓய்வு வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். ஆகவே வியாழக்கிழமை மாலை புறப்பட்டால், நம் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பினாங்கு மக்களுக்கோ அது வேலை நாள். கடற்கரையில் நெரிசல் குறையும். தங்கும் அறைக்கும் வார நாள் கட்டணமே கேட்கும் இடங்கள் பல. பெற்றோர் செய்ய வேண்டியது, இருவரின் ஷிப்டு அட்டவணையையும் பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றும் கூடும் வெள்ளிக்கிழமைகளை வட்டமிடுவது. இரண்டு மாதம் முன்பே கேட்டால் மேற்பார்வையாளரும் விடுப்புத் தர வாய்ப்புண்டு. முதல் நாள் போய் நின்றால் கிடைக்குமா?

பருவத்தையும் பார்க்க வேண்டும். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. டிசம்பரில் அது குறையத் தொடங்கும். ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். கிழக்குக் கரை மாநிலங்களில் அடைமழை பெய்யும் ஆண்டிறுதி வாரங்களில், மேற்குக் கரையில் இருக்கும் நமக்குக் கடற்கரை பெரும்பாலும் கைகொடுக்கும். சீனப் புத்தாண்டு போன்ற பெருநாட்களில் மட்டும் அறையும் கிடைக்காது, சாலையும் நகராது.

மூன்றாவது, பணம். விடுமுறைக்காக வட்டிக்குக் கடன் வாங்குவது, இரண்டு நாள் சிரித்துவிட்டு இரண்டு ஆண்டு அழுவதற்குச் சமம். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்கள். ஒரு கணக்கைச் சொல்கிறேன். வாரம் 25 வெள்ளி தனியே எடுத்து வைத்தால், 26 வாரத்தில், அதாவது அரை ஆண்டில், 650 வெள்ளி சேரும். அறைக்கு 250, போக்குவரத்துக்கு 80, சாப்பாட்டுக்கு 160, நுழைவுச் சீட்டு முதலியவற்றுக்கு 80, எதிர்பாராத செலவுக்கு 80 என்று பிரிக்கலாம். இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். நீங்கள் போகும் நாளில் உள்ள விலையை விசாரித்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்பாராத செலவுக்கென்று வைத்த பணத்தை மட்டும் இரவுச் சந்தையில் தொடக் கூடாது. பிள்ளைகள் கையில் ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுத்து, "இதுதான் உன் பங்கு" என்று சொல்லுங்கள். "அதை வாங்கித் தா, இதை வாங்கித் தா" என்ற அழுகை அதோடு நிற்கும். கணக்குப் பாடமும் நடக்கும். படகு விளையாட்டு, குதிரைச் சவாரி எதுவானாலும் ஏறுவதற்கு முன் விலையைப் பேசி முடித்துவிடுங்கள்.

நான்காவது, வழி. காரில் போகிறவர்களுக்கு 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் உண்டு. தீவுக்குள் நுழையும்போது மட்டும் பாலத்தில் கட்டணம். மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரி முதல் கட்டணம் இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து பெரிப் படகில் போவதைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். ஆனால், 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான் ஏறலாம். கார் ஏற முடியாது. படகில் இறங்கியதும் துறைமுகப் பேருந்து நிலையத்திலேயே 101ஆம் எண் பேருந்து கிடைக்கும். அது கொம்தார் வழியாகப் பத்து பெரிங்கிக்குப் போகும். புறப்படும் இடத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். தஞ்சோங் பூங்காவைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து செல்லும். தலைசுற்றும் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுத்து அழைத்துப் போகாதீர்கள்.

நேயர்களே, இனி நான் சொல்லப் போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. தோட்டத்திலும் தாமானிலும் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு நீந்தத் தெரியாது. பெற்றோரில் பலருக்கும் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது வெறும் பழமொழியன்று. நீர் கலங்கலாக இருக்கும் கடலில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. நீரில் மூழ்கும் பிள்ளை, திரைப்படத்தில் வருவதுபோல் கைகளை ஆட்டிக் கூச்சல் போடுவதில்லை. பெரும்பாலும் சத்தமே இல்லாமல், ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பெரியவர்கள் ஐந்து பேர் இருந்தும், ஒருவர் பார்ப்பார் என்று மற்றவர் நினைப்பதால் விபத்துகள் நேர்கின்றன.

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். காவலுக்கு இருப்பவர் தோளில் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும். துண்டு யார் தோளிலோ, அவர் கைப்பேசியைத் தொடக் கூடாது. பேச்சிலும் சமையலிலும் கலந்துகொள்ளக் கூடாது. பிள்ளைகளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அரை மணி நேரம் கழிந்ததும் துண்டை அடுத்தவர் தோளில் போட்டுவிட்டுத்தான் நகரலாம். செலவில்லாத முறை இது.

இன்னும் சில விதிகள். நீந்தத் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்க வேண்டாம். காற்றடைத்த வளையத்தை நம்ப வேண்டாம். கரைக்காற்று அதை இழுத்துச் சென்றுவிடும். சிவப்புக் கொடி பறந்தால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்துப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு குறைந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். இடி கேட்டவுடன் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். பினாங்குக் கடலில் சொறி மீன்கள் உண்டு. பெட்டி வடிவச் சொறி மீனின் நஞ்சு உயிருக்கே ஆபத்தானது. ஆகவே பையில் ஒரு புட்டி வினிகர் இருக்கட்டும். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரை அரை நிமிடமாவது ஊற்றி, உடனே 999க்கு அழைக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை சுமத்ராவுக்கு அருகில் கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அலைகள் நண்பகல் கடந்த பிறகே நம் கரையை அடைந்தன. நம் நாட்டில் 68 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பினாங்கில், நம் கெடாவின் கோத்தா கோலா மூடாவிலும் உயிர்கள் போயின. மாண்டவர்களில், விடுமுறை நாளைக் கழிக்கக் கடற்கரைக்குப் போன குடும்பத்தாரும் இருந்தார்கள். அன்று எச்சரிப்பார் இல்லை. இன்று எச்சரிக்கை நிலையமும் கரையோரச் சங்கொலியும் உண்டு. ஆயினும் கடல் திடீரென்று உள்வாங்கினால், மீன் பொறுக்க ஓடாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கடலை அறிந்து போகிறவர்களே அதை அச்சமின்றி அனுபவிக்க முடியும்.

நிறைவாக, அந்த மாணவனுக்கு வருகிறேன். ஹோட்டலில் தங்கித்தான் கடலைப் பார்க்க வேண்டும் என்பதில்லை என்று அவன் தந்தையிடம் சொன்னேன். நம் கெடாவிலேயே, மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே, பந்தாய் மெர்டேக்கா இருக்கிறது. சோறு கட்டிக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்பலாம். முதல் ஆண்டு அப்படிப் போய்ப் பழகுங்கள், அடுத்த ஆண்டு பணம் சேர்த்துப் பத்து பெரிங்கிக்குப் போகலாம் என்றேன். இரண்டு ஷிப்டு அட்டவணைகளையும் மேசைமேல் வைத்து ஒரு வெள்ளிக்கிழமையைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஏழு வாரம் பிடித்தது.

போய்வந்த மறுவாரம், நான் கேட்காமலே அந்தப் பையன் கட்டுரையை எழுதிக்கொண்டு வந்தான். முக்கால் பக்கம்தான். எழுத்துப் பிழைகளும் இருந்தன. கடல் நீர் உண்மையிலேயே உப்புக் கரிக்கிறது என்று எழுதியிருந்தான். பாட்டி சேலையைத் தூக்கிக்கொண்டு அலையில் நின்றதை எழுதியிருந்தான். கடைசி வரி இது: "அன்று பகல் முழுவதும் அப்பா தூங்கவே இல்லை."

இரவு வேலை பார்க்கும் தந்தையைப் பகலில் தூங்குபவராகவே பார்த்துப் பழகிய பிள்ளை அவன். நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டு நாட்காட்டியை எடுத்து ஒரு வெள்ளிக்கிழமையை வட்டமிடுங்கள்.