வீட்டுல தமிழ், வெளியில ஸ்பானிஷ்: மூன்று வயதுக் குழந்தையின் இரண்டு மொழிகள்

மாட்ரிட்டில் சின்னக் குழந்தையோடு இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சந்தித்தால், பேச்சு எப்படியும் இந்த இடத்துக்கு வந்துவிடும்: "ஸ்கூல்ல ஸ்பானிஷ், வீட்டுல தமிழ்னா குழந்தை குழம்பிடாதா?" எங்கள் மகளின் ஆசிரியையும் முதல் மாதத்தில், "வீட்டிலும் கொஞ்சம் ஸ்பானிஷ் பேசுங்களேன்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் நான் படித்ததும் வீட்டில் கவனித்ததும் வேறு மாதிரி இருக்கின்றன. அவற்றை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் வயது. ஸ்பெயினில் ஒரு காலண்டர் ஆண்டுக்குள் மூன்று வயது நிறைகிற குழந்தைகள் எல்லாரும் அந்த செப்டம்பரில் ஒரே வகுப்பில் சேர்கிறார்கள். ஜனவரியில் பிறந்த குழந்தைக்கு அப்போது மூன்று வயது எட்டு மாதம். டிசம்பரில் பிறந்ததுக்கு இரண்டே முக்கால்தான். இந்த வயதில் அது பெரிய இடைவெளி. புது மொழிக்குள் போகிற குழந்தை சில வாரமோ சில மாதமோ வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பதும் சகஜம். கேட்டுக்கொண்டுதான் இருக்கும். வீட்டில் தமிழில் வழக்கம்போல வாயாடுகிறது என்றால் கவலை வேண்டாம். வீட்டிலும் பேச்சு குறைவு, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் மட்டும் தள்ளிப் போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து கலப்பு. "அம்மா, அந்த பெர்ரோவ பாரு!" என்கிறாள் மகள். பெர்ரோ என்றால் நாய். இது குழப்பமா? கவனித்துப் பாருங்கள்: சொல்தான் ஸ்பானிஷ், வேற்றுமை உருபு தமிழ், வாக்கிய அமைப்பும் தமிழ். "பஸ்ஸ விட்டுட்டேன், ஆபீசுக்கு லேட்டு" என்று நாம் பேசுகிற அதே முறை. தமிழ் இலக்கணம் தெரிந்தால்தான் இப்படி ஒட்ட முடியும்.

உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. ஸ்பானிஷ் எப்படியும் வந்துவிடும். பள்ளி, பூங்கா, டிவி எல்லாம் அதுதான். போகக்கூடியது தமிழ். பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் 1,899 இருமொழிக் குடும்பங்களை ஆனிக் டி ஹவர் ஆராய்ந்து 2007இல் எழுதினார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குடும்பங்களில் பிள்ளைகள் வீட்டு மொழியைப் பேசவே இல்லை. பெற்றோர் இருவருமே வீட்டு மொழியைப் பேசி, ஊர் மொழியை வீட்டுக்குள் அதிகம் கொண்டுவராத குடும்பங்களில் பெரும்பாலும் மொழி தங்கியது. ஆசிரியை சொன்னதை நாங்கள் அப்படியே கேட்டிருந்தால், எங்கள் அரைகுறை ஸ்பானிஷால் பிள்ளைக்குப் பெரிய லாபம் இருந்திருக்காது. தமிழ் கேட்கிற நேரம் மட்டும் குறைந்திருக்கும்.

சரி, குழந்தை ஸ்பானிஷில் கேட்டால் என்ன செய்வது? எலிசபெத் லான்சா, நார்வேயில் ஆங்கிலமும் நார்வேஜியனும் பேசும் இரண்டு வயதுக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சை ஆராய்ந்து, பெற்றோர் பதில் சொல்கிற விதங்களை ஐந்தாகப் பிரித்தார். குழந்தை "ஆகுவா" என்று தண்ணீர் கேட்கிறது என்று வையுங்கள்.

1. "என்ன வேணும்? புரியலையே."
2. "தண்ணியா கேக்குற?"
3. "தண்ணி வேணுமா, இரு தர்றேன்."
4. ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் கொடுப்பது.
5. நாமும் ஸ்பானிஷுக்கே மாறிவிடுவது.

மேலே இருப்பவை குழந்தையைத் தமிழுக்கு இழுக்கும், கீழே இருப்பவை விட்டுக்கொடுக்கும். முதலாவதை அடிக்கடி செய்தால் குழந்தைக்குக் கோபம் வரும். அதுவும் நமக்கு ஸ்பானிஷ் புரியும் என்று அதற்குத் தெரிந்த பிறகு அந்த நடிப்பு செல்லாது. எங்கள் வீட்டில் இரண்டும் மூன்றும்தான் அதிகம். காய்ச்சல், அழுகை, தூக்கக் கலக்கம் என்றால் நான்காவதே போதும்.

ஒலிகளைப் பொறுத்தவரை நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். தேதோ (விரல்) என்ற ஸ்பானிஷ் சொல்லில் முதல் ஒலி அழுத்தமாகவும், உயிர்களுக்கு நடுவே வருவது இளகியும் ஒலிக்கும். தமிழிலும் கல்லில் வரும் ககரம் வேறு, அகத்தில் வரும் ககரம் வேறு. நிஞோவில் (சிறுவன்) நம்ம ஞகரமே இருக்கிறது. ஆனால் ழ, ள, ண மூன்றும் ஸ்பானிஷில் கிடையாது. அதைவிட முக்கியம், அங்கே உயிர் ஐந்துதான். குறில் நெடில் மாறினால் பொருள் மாறாது. பல்–பால், கல்–கால் வேறுபாட்டை வீட்டில் கேட்டால்தான் உண்டு. படம் காட்டி இந்த ஜோடிகளை விளையாட்டாகச் சொல்ல வைக்கலாம்.

இலக்கணத்தைவிட வீட்டில் அதிகம் உறுத்துவது மரியாதை. இங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "தூ" (நீ) என்றே பேசுவார்கள். அதே பழக்கத்தில் குழந்தை தாத்தாவை "நீ எங்க இருக்க?" என்று கேட்டுவிடும். அது துடுக்கு இல்லை. 'நீங்க' என்ற சொல்லை அது கேட்கிற இடங்கள் குறைவு, அவ்வளவுதான். நாமே ஒருவரையொருவர் முன்னால் "வாங்க, சாப்பிடுங்க" என்று பேசினால், பொம்மைகளுக்குள்ளும் அப்படிப் பேச வைத்தால், தானாக வரும்.

கடைசியாக, நேரம். இந்தியா நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி முன்னால். பள்ளியிலேயே மதியம் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வெளியே வருகிற குழந்தைக்கு, குளிர்காலத்தில் ஊரில் இரவு எட்டரை. பாட்டி தூங்கப் போவதற்கு முன்னால் கிடைப்பது அந்த அரை மணிதான். "பாட்டிக்கு ஹலோ சொல்லு" என்று மட்டும் சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். மத்தியானம் என்ன சாப்பிட்டாள், யாரோடு சண்டை, இன்னைக்கு வரைந்தது எங்கே என்று பாட்டியையே கேட்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு ஸ்பானிஷ் தெரியாது. அங்கே நடிக்கவே வேண்டியதில்லை. குழந்தை தமிழ்ச் சொல்லைத் தேடித்தான் ஆக வேண்டும்.